காரின் மூக்கும் டீச்சரம்மாவின் சரிவும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்தேன் என்பீர்கள். தரையில் உரசிக்கொண்டிருந்த ஒரு காரின் முன்பக்கத்தை உரசாமல் செய்து தரும் வேலையை எடுத்து, அளந்து, வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஓட்டிப் பார்த்து, "இனி இது ஹந்தானை மலை உச்சிக்கே ஏறும்" என்று நெஞ்சை நிமிர்த்திய நான், அந்தக் காருக்குள் ஒரு பலாப்பழம் ஏறும் என்பதை நினைக்கவே இல்லை. கண்டியில் பிறந்து, கண்டியில் தின்று, கண்டியிலேயே இந்த வயிற்றை வளர்த்த ஒருவன் பலாப்பழத்தை மறந்தான் என்றால், அவனுக்கு எந்த நம்பிக்கையில் இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் கராஜில் இப்போது வேலை செய்கிறவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் அங்கே போவேன். வேலை செய்வதற்கு அல்ல, வேலை செய்கிறவர்களைக் கெடுப்பதற்கு. போன மாதம் அங்கே ஒரு புதுக் கார் வந்தது. உள்ளே ஒரு பட்டன். அமுக்கினால் காரின் மூக்கு தானாக மேலே எழும்பும். மேடு தாண்டியதும் தானாகக் கீழே இறங்கும். எல்லோரும் கூடி நின்று அமுக்கிப் பார்த்தார்கள். நானும் அமுக்கினேன். திரும்பவும் அமுக்கினேன். காரின் சொந்தக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அந்தோனி அண்ணே, உங்க காலத்துல இந்தப் பட்டன் எல்லாம் இருந்திச்சா?"

"இருந்திச்சி. அந்தப் பட்டன் நான்தான்."

சிரித்தார்கள். சொன்னால் நம்பவில்லை. எழுதிக் கொடுத்தால் நம்புகிறோம் என்றார்கள். எழுதியதை மட்டும் எப்படி நம்புவார்களோ தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவக்காரன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒழுங்காக வந்த ஒரே பாடம் வெளியே போவது. அதனால் சீக்கிரமே கராஜில் சேர்த்துவிட்டார்கள். வேலை பழகிய கதை ஒரு மூச்சில் முடிந்துவிடும். பிடி என்றால் பிடித்தேன், தேய் என்றால் தேய்த்தேன், தட்டு என்றபோது என் விரலையே தட்டினேன், விரல் ஆறியதும் என்னையும் தகரம் தட்டும் டிங்கர் என்று ஒத்துக்கொண்டார்கள். பிறகு வாகனங்களில் தகரம் குறைந்து ஃபைபர் கூடியது. ஃபைபர் என்றால் கண்ணாடி நூலால் ஆன துணி. அதை ரெசின் என்ற பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினால் காய்ந்து கல்லாகிவிடும். அதைத் தேய்க்கும்போது எழும்பும் தூசி உடம்பில் ஒட்டினால் வீட்டுக்குப் போயும் சொறிய வேண்டும், கோயிலுக்குப் போயும் சொறிய வேண்டும். என் மனைவி கொஞ்ச காலம் எனக்கு ஏதோ வியாதி என்று நேர்த்தி எல்லாம் வைத்தாள். வியாதி இல்லை, உத்தியோக உயர்வு.

எங்கள் கராஜின் தலைவர் நிஸ்தார் பாஸ். கைவேலை தெரிந்தவரைப் பாஸ் என்று கூப்பிடுவது எங்கள் நாட்டு வழக்கம். ஆபீஸ் முதலாளி மாதிரி நினைத்துவிடாதீர்கள். இவர் கெலிஓயாவிலிருந்து சாரம் என்கிற கைலியோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவர். மெலிந்த ஆள். ஒருவரையும் திட்டமாட்டார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய பயங்கரம். வேலை முடிந்தது என்று கூப்பிட்டால் வருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் துடைப்பார். திரும்பப் போட்டுக்கொள்வார். வேலையைச் சுற்றி ஒரு தரம் நடப்பார். பிறகு சொல்வார்:

"நல்லா ஈக்கி. கழட்டுங்க."

நன்றாக இருக்கிறது, கழற்றுங்கள். புதிதாக வந்தவர்கள் முதல் பாதியைக் கேட்டுப் பல்லைக் காட்டுவார்கள். இரண்டாம் பாதி வருவதற்குள் பல்லை மூடப் பழகியவன்தான் அங்கே நிலைத்து நிற்பான். ஒருமுறை ஒரு லொறிக் கதவைத் தட்டி நிமிர்த்தி, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்து, முகம் பார்த்துத் தலைகூடச் சீவிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தார், துடைத்தார், நடந்தார். கதவைப் பிடித்து ஒரு தரம் திறந்து மூடினார்.

"நல்லா ஈக்கி. கழட்டுங்க."

"ஏன் பாஸ்? எங்க கோணல்?"

"கோணல் ஒண்டும் இல்ல. உங்கட சுத்தியல் உள்ளுக்கு ஈக்கி."

காலையிலிருந்து அந்தச் சுத்தியலைத்தான் கராஜ் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வேலை செய்தவனைச் சந்தேகப்பட்டு அவனோடு பேசாமல் வேறு இருந்தேன்.

இந்த மனிதருக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்த காலத்தின் கடைசியில், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, கிரிஷாந்த் அந்த மஞ்சள் காரோடு வந்தான்.

கிரிஷாந்த் கட்டுகஸ்தோட்டைப் பையன். கம்ப்யூட்டர் வேலை. கார் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு சீட். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சாமான் வைக்கும் டிக்கி முன்னால், மூக்குக்குள் இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே தரையோடு படுத்துக் கிடக்கும் சாதி அது. இவன் அதன் ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் இறக்கி, முன் பம்பரில் ஃபைபரால் ஒரு கீழுதடும் வைத்திருந்தான். எங்கள் கராஜ் வாயில் பம்பர் என்றால் பஃபர். அந்தப் பஃபருக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு பூனை போக வேண்டுமென்றால் பூனை படுக்க வேண்டும்.

"ஏன் தம்பி இவ்வளவு கீழ?"

"அதுதான் அங்கிள் லுக்."

உதட்டைத் தடவிப் பார்த்தேன். லுக் முழுக்கத் தேய்ந்து பிளந்து கிடந்தது.

கதையைக் கேட்டோம். அவனோடு வேலை செய்யும் நிலானி என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் இவனைப் பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது அவளுடைய அம்மா. திலகவதி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, கண்டியிலேயே கணக்குப் படிப்பித்து, கண்டியிலேயே ஓய்வு பெற்று அம்பிட்டியவில் வீடு கட்டிக்கொண்டவர். கணவர் இல்லை. வீடு வீதிக்கு மேலே மேட்டில். வீதியோரத்துத் தண்ணிக் கானைத் தாண்டியதும் வீட்டு முற்றம் வரை நேராக ஒரு சீமெந்துச் சரிவு. டீச்சர் அதைப் பக்கத்தில் நின்று போடுவித்து, நனைந்த சாக்கு விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிப் பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார். சாக்கை எடுத்த அன்றுதான் கிரிஷாந்த் முதல்முதலாகப் பெண் கேட்கக் காரில் போயிருக்கிறான்.

"ஏறினேன் அங்கிள். கிர்ர்னு ஒரு சத்தம். கீழ இறங்கிப் பார்த்தா சீமெந்துல நீளமா ஒரு கோடு. டீச்சர் கையில தண்ணி வாளியோட நிக்கிறாங்க."

"என்னா சொன்னாங்க?"

"'தம்பி, நீங்கள் ஆர் எண்டதைப் பிறகு கதைப்பம். முதல்ல இதைப் பாருங்கோ'ன்னாங்க."

நிலானி ஓடிவந்து அறிமுகப்படுத்தியும், தேத்தண்ணி குடித்தும், இவன் சம்பளம் முதல் சாதகம் வரை எல்லாம் ஒப்புவித்தும் டீச்சர் அசையவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். ஒரு சரிவைப் பார்த்து வாகனத்தைக் கணக்குப் பண்ணத் தெரியாதவன் ஒரு குடும்பத்தை எப்படிக் கணக்குப் பண்ணுவான். அந்தக் கார் இந்தச் சரிவில் படாமல் ஏறி, படாமல் இறங்கிய நாள்தான் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற நாள்.

"ஸ்பிரிங்க பழையபடி போட்டா பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிரும் தம்பி."

"அப்ப அது சாதாரணக் கார் ஆயிடும் அங்கிள்."

"சரி, டீச்சரம்மாட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு வான் பிடிச்சிக்கிட்டுப் போயேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ மாட்டு வண்டியைச் சொன்ன மாதிரி இருந்தது. "பொண்ணு கேக்க வான்லயா?"

கார் உயரவும் கூடாது, கீழே படவும் கூடாது. கேட்டுக்கொண்டிருந்த நிஸ்தார் பாஸ் கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்தோனி, கார் எங்க ஈக்கி?"

"இங்க பாஸ்."

"சரிவு எங்க ஈக்கி?"

"அம்பிட்டியவில."

"அப்ப போய்ச் சரிவக் கொண்டு வாங்க."

இது பகிடி இல்லை, அவருடைய முறை. இரண்டு நீளப் பலகைகளைக் கதவுப் பிணைச்சலால் இணைத்து வைத்திருப்பார். ஒரு பலகையைச் சமதரையில் வைத்து மற்றப் பலகையைச் சரிவில் படுக்கவைத்தால், இரண்டும் சேரும் மூலையில் அந்த இடத்தின் சாய்வு அப்படியே விழும். குறுக்கே ஒரு சட்டம் வைத்து ஆணி அடித்துவிட்டால் சாய்வு ஆடாது. அதைக் கராஜுக்குக் கொண்டுவந்து, மண் மூட்டையும் பலகையும் அடுக்கி அதே சரிவைக் கட்டிவிடலாம். காரை அதில் ஏற்றி ஏற்றிப் பார்த்து வெட்டலாம்.

நான் போய் டீச்சர் வீட்டு வாசலில் குந்தியிருந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"அங்க என்ன செய்யிறியள்?"

"உங்க சரிவ கொஞ்சம் கராஜுக்குக் கொண்டு போறேன் டீச்சரம்மா."

வெள்ளைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. என்னையும் பலகையையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தது.

"திருப்பித் தருவியள்தானே?"

தலை உள்ளே போய்விட்டது. சிரித்தாரா என்று தெரியாது. அந்த முகத்தில் அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு பிணைச்சல் பலகை வேண்டும்.

அந்தப் பலகையோடு பஸ்ஸில் டவுனுக்கு வந்த பயணத்தை மறக்கமாட்டேன். மடக்கவும் முடியாது, படுக்கவைக்கவும் முடியாது. சாய்வு குலைந்தால் திரும்பவும் டீச்சர் முன்னால் குந்த வேண்டும். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். எனக்கு அல்ல, பலகைக்கு. கால் ஒடிந்த யாருக்கோ கட்டுப்போடக் கொண்டுபோகிறேன் என்று நினைத்தாராம். "ஆருக்கு ஒடஞ்சது?" என்று கேட்டார். "ஒரு மாப்பிள்ளைக்கு" என்றேன். இறங்கும் வரை உச்சுக்கொட்டிக்கொண்டு வந்தார்.

கராஜில் சரிவைக் கட்டினோம். பிறகு பஃபரைக் கழற்றினோம். சக்கரத்துக்கு மேலே உள்ள உட்தகட்டை விலக்கினால் பக்கத்துக்கு இரண்டு ஆணி, மேலே வரிசையாகக் கிளிப், உள்ளே மஞ்சள் லைட்டின் வயர். வயரைப் பிடுங்காமல் பஃபரை இழுத்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. கழற்றிய பஃபரில் வெட்ட வேண்டிய இடத்துக்கு மேலே டேப் ஒட்டி அதில் கோடு போட்டோம். டேப் ஒட்டாமல் வெட்டினால் பெயின்ட் பொரிந்துகொண்டு வரும். மெஷின் வாள் ஃபைபரைச் சூடாக்கிப் பிசிறாக்கும் என்று பாஸ் அதைத் தொடவிடவில்லை. இரும்பு வெட்டும் வாளின் அலகை மட்டும் எடுத்து, ஒரு பக்கத்தில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு கையாலேயே அறுத்தேன்.

"நடுவுல கூடுதலா எடுக்காதீங்க," என்றார் பாஸ். "காத்துப் போற வாய் அது. அதக் கெடுத்தா ரேடியேட்டர் கொதிக்கும். ரெண்டு மூலையும்தான் முதல்ல தரையில படுற. மூலய மேல தூக்குங்க."

தூக்கினேன். கீழுதடு முழுவதையும் அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு மூலையையும் மேலே வளைத்து, உட்பக்கம் ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து ஒட்டினேன். கண்டி மழையில் ரெசின் சீக்கிரம் காயாது. காயவைக்கும் மருந்தைக் கொஞ்சம் கூட ஊற்றினால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு வந்த யோசனைகளைத் தனியாகச் சேர்த்துவைத்தால் கராஜை இரண்டு தரம் எரிக்கலாம். பஃபர் சூடாகி, புகைந்து, ஒரு பக்கம் மட்டும் சுருங்கிக்கொண்டது. பெயின்ட் அடித்து மாட்டியபோது அது ஒரு பக்கமாகச் சிரிப்பதைப் போல இருந்தது.

பாஸ் வந்தார். துடைத்தார். நடந்தார்.

"நல்லா ஈக்கி."

நான் பல்லை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"மாப்பிளைக்கு ஏத்த முகம். கழட்டுங்க."

இரண்டாம் தரம் அளந்து ஊற்றினேன், பல்பு எரியவைத்துப் பதமாகக் காயவைத்தேன், உள்ளே தட்டையான இரும்புப் பட்டி வைத்துப் பலப்படுத்தினேன். உதடு போய், மூலைகள் எழும்பி, முகம் நேராக வந்தது. தற்பெருமை இல்லை, அது உண்மையிலேயே அழகாக இருந்தது. மண் மூட்டைச் சரிவில் கிரிஷாந்த் ஏற்றினான். பஃபருக்கும் பலகைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போனது. இறக்கினான். அப்போதும் போனது. திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினோம், விரல் பத்திரமாக இருந்தது. பாஸ் சுற்றி நடந்து, "நல்லா ஈக்கி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் பாதி வரவில்லை. அன்றைக்கு நான் பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்டி வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரிஷாந்த் என்னைக் கூட்டிக்கொண்டு அம்பிட்டியவுக்குப் போனான். அவனுடைய வீட்டார் வரவில்லை. "நீ முதல்ல ஏறிக் காட்டு, அப்புறம் நாங்க வாறோம்" என்று அப்பா சொல்லிவிட்டாராம். எனக்கு நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போகும் வேலை. ஏதாவது கழன்றால் மாட்ட ஆள் வேண்டுமே.

டீச்சர் வாசலில் நின்றார். சரிவு தொடங்கும் இடத்தில் குறுக்கே சிவப்புச் சோக்கால் ஒரு சாண் அகலத்துக்குத் தீட்டி வைத்திருந்தார். பட்டால் பஃபரின் அடியில் சிவப்பு ஒட்டும். கிரிஷாந்த் ஒரு பெருமூச்சு விட்டு மெதுவாக ஏற்றினான். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அவன் யாரைக் கூப்பிட்டான் என்று தெரியாது, உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. கார் முற்றத்தில் போய் நின்றது.

டீச்சர் பின்னால் ஏறி வந்து, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பஃபருக்கு அடியில் வைத்துக் குனிந்து பார்த்தார். ஒரு மூலை, நடு, மற்ற மூலை.

"ஓம்," என்றார். "ஏறிட்டுது. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

வடை வந்தது, பயத்தம் பணியாரம் வந்தது, கிரிஷாந்துக்கு உயிரும் வந்தது. அந்த மகிழ்ச்சியில் அவன் உள்ளே சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் எத்தனையாவது வடை என்று எண்ணாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வெளியே டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நிலானி டிக்கி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் ஒரு பலாப்பழத்தை, பிள்ளையைத் தொட்டிலில் வைப்பதைப் போல, உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெட்டி தேங்காய். அதற்குப் பக்கத்தில் பட்டர் ஃப்ரூட் ஒரு சாக்கு. கீழே இன்னொரு பலாப்பழம் தன் முறைக்குக் காத்திருந்தது.

எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். என் சுண்டுவிரல் கூசியது.

ஓடிப் போனேன். "டீச்சரம்மா, எதுக்கு இவ்வளவு சிரமம்?"

"இது தம்பியின்ர அம்மாவுக்கு. முதல் தரம் வந்த பிள்ளையை வெறுங்கையோட அனுப்பிறதே?"

வேண்டாம் என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம் என்று ஆகிவிடும். நான் குனிந்து பார்த்தேன். காரின் மூக்கு இறங்கியிருந்தது. விரல் என்ன, வாழையிலைகூடப் போகாது. இறங்கும்போது கார் குலுங்கினால் இன்னும் அமுங்கும்.

"டீச்சரம்மா, இதெல்லாம் நான் தோள்ல தூக்கிட்டு ரோட்டுக்குப் போறேன். அங்க வச்சி ஏத்திக்கலாம்."

"ஏன்?"

"சும்மா… காத்தாட."

டீச்சர் கையைச் சேலையில் துடைத்தார்.

"இஞ்ச பாருங்கோ. நாளைக்கு என்ர மகள் இந்த வீட்டுக்கு வந்து போகேக்கை நான் பழம் குடுத்து விடமாட்டனே? ஒவ்வொரு முறையும் நீங்கள் வந்து தோளில தூக்குவியளோ?"

படாமல் ஏறி, படாமல் இறங்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். கார் எப்படிப்பட்ட நிலையில் இறங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கணக்கு டீச்சரிடம் கேள்வியைப் பாதி வாசித்துவிட்டு விடை எழுதியிருந்தோம். இரண்டாவது பலாப்பழமும் உள்ளே போனது. நிலானி என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "அங்கிள், ஏதாவது செய்யுங்கோவன்." அவளுடைய கண் நிறைந்திருந்தது. அதுவரை எனக்கு இது ஒரு பஃபர் வேலை. அப்போதுதான் கையில் இருந்த வடையைக் கீழே வைத்தேன்.

மாமரத்தடிக்குப் போய் நிஸ்தார் பாஸுக்கு போன் எடுத்தேன்.

"பாஸ், டிக்கியில பலாப்பழம் ஏத்திட்டாங்க."

"எத்தின?"

"ரெண்டு. தேங்காயும் இருக்கு. மூக்கு இறங்கிருச்சு. இனி இறக்கினா படும்."

போனில் துணி உரசும் சத்தம் கேட்டது. கண்ணாடி துடைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"நல்லா ஈக்கி."

"பாஸ், கழட்ட நேரம் இல்ல."

"கழட்டத் தேவல்ல. முன்னுக்குப் பாரம் கூடினா பின்னுக்குப் பாரம் போடுங்க."

"பாரத்துக்கு நான் இங்க எங்க போறது?"

"அந்தோனி," என்றார் மிகவும் பொறுமையாக, "உங்கள்ட்டத் தானே ஈக்கி."

வைத்துவிட்டார். நான் என் வயிற்றைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கராஜில் எல்லோரும் கேலி செய்த அந்த வயிறு தன் வேளைக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. நேரே காரின் பின்பக்கம் போய், எஞ்சின் மூடிக்கும் பின்னால் கடைசி விளிம்பில், கால் இரண்டும் தொங்க ஏறி உட்கார்ந்தேன். கார் ஒரு முனகல் முனகிப் பின்னால் அமர்ந்தது. மூக்கு எழும்பியது.

கிரிஷாந்த் வாசலில் வடையும் கையுமாக நின்று அலறினான். "அங்கிள், அங்க உக்காராதீங்க. தகடு நெளியும்."

"நெளிஞ்சா நானே தட்டித் தாறேன். சொல்லு தம்பி, காரா பொண்ணா?"

அவன் யோசித்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் யோசித்தான். யோசித்ததை நிலானியும் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த தண்ணீர் வற்றி அங்கே வேறு ஏதோ வரத் தொடங்கியது. அதைக் கண்டதும் அவன் வடையை வாயில் திணித்துக்கொண்டு ஓடி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

முற்றத்தில் திருப்ப இடம் இல்லாததால் பின்பக்கமாகவே இறங்க வேண்டும். அதாவது, நான் முதலில். டீச்சர் சரிவின் அடியில் போய்ச் சோக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். எனக்குக் கீழே அந்தச் சரிவு கொத்மலை அணைக்கட்டு மாதிரி தெரிந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. வீதியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கும் ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் நின்றது. ஜன்னல் முழுக்கத் தலைகள்.

"மெதுவா, தம்பி. பிரேக்க குத்தாத. விட்டு விட்டுப் பிடி."

கார் இறங்கியது. எனக்குக் கீழே தகடு டொக் என்று உள்ளே போனது. அந்தப் பள்ளத்தைப் பிறகு நான்தான் கராஜில் காசு வாங்காமல் தட்டி எடுத்தேன். என் உடம்பின் அச்சை நானே பார்க்கும் பாக்கியம் கிடைத்தது, இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தது. பின்சக்கரம் வீதியைத் தொட்டது. இனி மூக்கின் முறை. என்னால் முடிந்த அளவுக்குப் பின்னால் சாய்ந்தேன். இன்னும் சாய்ந்தேன். வானம் தெரிந்தது. பஸ்ஸிலிருந்து யாரோ சிங்களத்தில், பெரியவர் விழப்போகிறார் என்று கத்தினார்கள். முன்சக்கரம் சிவப்புக் கோட்டில் இறங்கியது. கார் வீதிக்கு வந்து நின்றது.

கிர்ர் என்ற சத்தம் கேட்கவில்லை. ஆனால் பஸ் எஞ்சின் இரைந்த இரைச்சலில் என் காதை நான் நம்பவில்லை.

டீச்சர் எழுந்து வந்தார். கண்ணாடியைப் பஃபருக்கு அடியில் வைத்தார். ஒரு மூலையைப் பார்த்தார். நடுவைப் பார்த்தார். நடுவில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கிரிஷாந்த் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். நிலானி சரிவின் நடுவில் செருப்பில்லாமல் நின்றாள். டீச்சர் மற்ற மூலையையும் பார்த்துவிட்டு, விரலை விட்டுத் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்புத் தூசி. சிவப்பு இல்லை.

நான் இன்னும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இறங்க முடியவில்லை, பள்ளத்தில் பதிந்திருந்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"படல்லதானே டீச்சரம்மா? இனி நாள் பார்க்கலாம். கல்யாணத்தன்னைக்கி மாப்பிள்ளைய இதே கார்ல, பூ எல்லாம் கட்டி, நானே பின்னால உக்காந்து கூட்டிக்கிட்டு வாறேன்."

டீச்சர் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். காரைப் பார்த்தார், நின்ற பஸ்ஸைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"கலியாணத்துக்கு வான் பிடிச்சு வாங்கோ."